பொறுப்பாளர் பெயர்: பொடி மெனிக்கே

"இது யாருடைய பிள்ளை?"

அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற நோனா சிங்களத்தில் கேட்ட கேள்வி இவ்வளவுதான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், என் மனைவி லெட்சுமி, தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துப் பொடி மெனிக்கே அக்கா என்று மூன்று பேர் நின்றோம்.

கேள்வி விளங்காமல் இல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சிங்களம் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பேச்சில்தான். சிங்கள எழுத்துத்தான் தெரியாது. இது விளங்கியும் பதில் சொல்ல முடியாத கேள்வி.

பிள்ளை செவ்வந்தி ஜன்னலோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மேலே சுற்றுகிற காற்றாடியை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். அறை முழுக்க நனைந்த குடை வாசனையும் பசை வாசனையும்.

நோனா எங்கள் விண்ணப்பப் போர்மை விரலால் தட்டினார். "தகப்பன் மாரிமுத்து. தாய் லெட்சுமி. ரெண்டு பேரும் உயிரோட முன்னால நிக்கிறீங்க. பொறுப்பாளர் என்ற இடத்தில மட்டும் பொடி மெனிக்கே என்று இருக்கு. பிள்ளையை இந்த அம்மாகிட்ட கொடுத்துட்டீங்களா?"

லெட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். "வித்துட்டோம் நோனா" என்றாள்.

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

எமனுக்கு விலாசம் தப்பினால்

போன வாரம் இந்தப் பத்தியில் ரப்பர் பால் வெட்டப் போகிற விடியற்காலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். மழை வந்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்ற கதை அது. இந்த வாரம் என் மகளைப் பற்றி எழுதுகிறேன். "என் மகள்" என்று இப்போது சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எங்களுக்குப் பல வருசம் உரிமை இல்லாமல் இருந்தது.

அவளுக்கு முன்னால் எங்களுக்குப் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக வந்தவள் செவ்வந்தி. தவழ ஆரம்பித்த நேரத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பு தகரம் மாதிரிக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், மருந்து கொடுத்தார்கள், வந்தோம். காய்ச்சலும் கூடவே வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை சாமி முன்னால் வேறு ஒருத்தருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கும், நம் சோறுதான் தின்னும். ஆனால் கணக்கில் அது நமது இல்லை. எமன் லயத்து வீட்டு வரிசையில் நம் காம்பராவுக்கு வந்து, "மாரிமுத்து பிள்ளை எங்கே?" என்று தேடினால், அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை. விலாசம் தப்பித் திரும்பிப் போய்விடுவான்.

வாங்குகிறவருக்குப் பிள்ளைகள் நன்றாகத் தங்கியிருக்க வேண்டும். வேறு இனம், வேறு சாமி என்றால் இன்னும் நல்லது. அங்கே போய்த் தேட எமனுக்கே தோன்றாது.

அப்போதுதான் எங்களுக்குப் பொடி மெனிக்கே அக்காவின் நினைப்பு வந்தது. தலையில் கூடை வைத்து, வெற்றிலை, பலாக்காய், குத்தின அரிசி என்று லயத்துக்கு விற்க வருவாள். வயிறு நிறையத் தின்கிற ஆண் பிள்ளைகள் அவளுக்கு. ஒன்றுக்கும் ஒரு தலைவலி வந்தது கிடையாது. தமிழைத் தன் இஷ்டத்துக்கு உடைத்துப் பேசுவாள், எல்லோருக்கும் புரியும்.

நான் போய்க் கேட்டபோது அவள் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவே இல்லை.

"எனக்குப் பெண் பிள்ளை இல்ல. நீ விக்கிறது உண்மையா, விளையாட்டா?"

"உண்மைதான் அக்கா."

"அப்போ சரி. நல்ல தவிடு தருவேன்."

மாரியம்மன் கோயில் வாசலில், செருப்பைக் கழற்றி வைத்து, ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தவிடு அப்போதுதான் புடைத்தது. கைக்குச் சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

விற்றால் எப்போது திருப்பி வாங்குவது என்றும் சாமியிடம் சொல்ல வேண்டும். லெட்சுமி அழுதுகொண்டே வேண்டினாள். "தாயே, இந்தப் புள்ள அம்மாவைக் கூப்பிடுற அன்னைக்கு, அதே தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் என் புள்ளைன்னு வாய் திறக்க மாட்டேன்." நானும் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. பிள்ளை பிழைத்தாள்.

கூப்பிடாத பிள்ளை

பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் அம்மா, அப்பா என்றன. இவள் சிரிப்பாள், ஓடுவாள், கையைப் பிடித்து இழுப்பாள், கூப்பிட மாட்டாள். சில பிள்ளைக்குப் பேச்சு பிந்தி வரும் என்று சொல்லி எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

திருவிழா அன்று தெரிந்தது. தப்பு அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள், லயத்து நாயெல்லாம் ஊளையிட்டு ஓடுகிறது. செவ்வந்தி லெட்சுமியின் தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்காது, பேச்சும் வராது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் லெட்சுமி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"அப்ப எனக்குத் திருப்பிக் கிடைக்கவே மாட்டாளாங்க?"

மெனிக்கே அக்கா விசயத்தைக் கேட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குக் குளிப்பாட்டப் போனாள். வாரத்துக்கு ஒரு தரம் லயத்துக்கு வந்து "மகே துவ கோ?", என் மகள் எங்கே என்று சத்தம் போடுகிற வழக்கத்தை அவள் நிறுத்தவில்லை. பிள்ளைக்குக் கேட்காது என்று தெரிந்தும் சத்தமாகத்தான் கூப்பிடுவாள்.

செவ்வந்திக்குத் தானாகவே ஒரு பாஷை வந்தது. என்னைக் காட்ட, காற்றில் சரிவாக ஒரு வெட்டு, நான் மரத்தில் பால் வெட்டுகிற மாதிரி. மெனிக்கே அக்காவைக் காட்ட, இரண்டு முஷ்டியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உலக்கை போடுவாள். இப்படி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சாடை இருந்தது. நாங்கள் அதைப் பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தோம்.

நானா கடையில் நிரப்பிய போர்ம்

காது கேட்காத பிள்ளைகளுக்குக் கொழும்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்று கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். தங்குகிற செலவுக்கு நாங்கள் எங்கே போவோம்? ஊனமுள்ள மாணவர்களுக்கு அரசாங்க உதவி உண்டு, போர்ம் நிரப்பிக் கொடுத்தால் கிடைக்கும் என்றும் அவரே சொன்னார். செவ்வந்திக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஜனவரிக்குச் சேர்க்காவிட்டால் பிறகு எடுக்க மாட்டார்களாம்.

கிடைத்தது சிங்களப் போர்ம். பக்கம் பக்கமாகக் கட்டம். வாங்கி வந்ததும் லெட்சுமி அதை அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டி, மூலையில் குங்குமம் வைத்தாள். எங்களுக்கு நல்ல காரியம் எதுவும் அப்படித்தான் தொடங்கும். பிறகு சந்திக் கடை முஸ்லிம் முதலாளி நானாவிடம் எடுத்துப் போனோம். நானா மூன்று பாஷையிலும் எழுதுவார். கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வீட்டு நம்பர்?"

"லயத்துக்கு ஏது நானா நம்பர்? பீலிக்குப் பக்கத்துக் காம்பரான்னு போடுங்க."

"உங்கட பீலியைக் கவர்மெண்டுக்குத் தெரியுமா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும்."

"மாச வருமானம்?"

"மழை பெஞ்சா இல்ல நானா."

"அப்ப மழை எண்டு எழுதவா? சரி, அத விடுங்க. ஊனம் நிரந்தரமா, தற்காலிகமா? ஏதாவது ஒரு கட்டத்தில புள்ளடி போடணும்."

லெட்சுமி யோசித்தாள். "அது அம்மனுக்குத்தான் தெரியும்."

"அம்மனுக்குக் கட்டம் இல்ல தங்கச்சி. ரெண்டே ரெண்டு கட்டந்தான்."

ஒரு கேள்வியைத் தாண்டினால், "மேலே ஆம் என்றால் கீழே உள்ளதை நிரப்ப வேண்டாம், இல்லை என்றால் அடுத்த பக்கத்தை நிரப்பவும்" என்று இருந்தது. நானா அடுத்த பக்கத்தை நிரப்பிவிட்டு, அது நிரப்பக்கூடாத பக்கம் என்று கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிளேன் டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. கிராம சேவகர் கையெழுத்து ஓர் இடத்தில், தோட்டத் துரை கையெழுத்து ஓர் இடத்தில், தாயின் கைரேகை ஓர் இடத்தில். பால் வெட்டிப் பால் வெட்டி லெட்சுமியின் பெருவிரலில் ரப்பர் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. உரித்துவிட்டு வைத்தாலும் கறுப்பாக ஒரு வட்டம்தான் விழுந்தது, ரேகை விழவில்லை.

கடைசியில் நானா கேட்டார். "பொறுப்பாளர். அதாவது, புள்ள யாருக்குச் சொந்தம், யார் பொறுப்பு?"

லெட்சுமி குங்குமம் வைத்த மூலையைத் தொட்டாள்.

"மெனிக்கே அக்காதான்" என்றாள் லெட்சுமி.

நானா கண்ணாடியைக் கழற்றினார். விற்ற கதை அவருக்கும் தெரியும். "தங்கச்சி, இது கந்தோர்க் கடதாசி. கோயில் கடதாசி இல்ல. வாப்பா பேரப் போட்டுட்டுப் போயிடலாம்."

"குங்குமம் வச்ச கடதாசி நானா. இதுல பொய் எழுதினா புள்ளைக்கு ஆகாது."

"மாரிமுத்து, நீயாவது சொல்லேன்."

நான் என்ன சொல்ல? சூடத்தைத் தொட்ட கை என்னுடையதும்தான்.

"அல்லாவே" என்று நானா பேனையை உதறினார். "நான் எழுதுறத எழுதுறன். வாறத நீங்க பாத்துக்கோங்க."

வந்தது விசாரணைக் கடிதம். மூன்று பேரும் பிள்ளையோடு வர வேண்டும். அதுவோ பதற்றமான காலம். தமிழ்ப் பெயர்க்காரன் டவுனுக்குப் போனாலே அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தடவித் தடவிப் பார்ப்பான். பிள்ளை வாங்கினாள் என்று மெனிக்கே அக்கா மேல் கேஸ் வந்துவிட்டால்? பயந்துகொண்டே போய்ச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "வாங்கினதுதானே? வாங்கினேன்னு சொல்றேன்." பன்சாலைக்கு, புத்த கோயிலுக்குப் போகக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினாள்.

எவ்வளவுக்கு வித்தீங்க?

இனி அந்த அறைக்குத் திரும்பி வருகிறேன்.

நோனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வித்தீங்களா? யாருக்கு? எவ்வளவுக்கு?"

"எனக்குத்தான் நோனா" என்று மெனிக்கே அக்கா முன்னால் வந்தாள். "ஒரு சுளகு தவிடு. நல்ல தவிடு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நோனா சிரிக்கவில்லை. அக்கா முழுக் கதையையும் தன் பாஷையில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நோனா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"நீங்க பௌத்தம்தானே? இது அவங்க கோயில் விசயம்."

"காய்ச்சல் அதெல்லாம் பார்த்தா வருது, நோனா?"

நோனா கொஞ்ச நேரம் ஜன்னலோரத்துப் பிள்ளையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "சரி. எனக்கு விளங்குது. ஆனா இப்படியே மேல அனுப்பினா திருப்பிவிடுவாங்க. இன்றைக்குத்தான் கடைசி நாள். தகப்பன் பொறுப்பாளர் என்று போட்டுக் கையெழுத்து வைங்க, நான் இப்பவே அனுப்புறேன்." பேனையை என் பக்கம் நீட்டினார்.

பேனையை வாங்கினேன். என் பெயரை எழுத ஒரு நொடி போதும். ஒரு கையெழுத்து வைத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆனால் அது சாமி முன்னால் சொன்ன சொல்லை மீறி, கூப்பிடாத பிள்ளையை என்னுடையது என்று எழுதுவது. முதல் இரண்டையும் மண்ணில் வைத்த கை இது. போர்ம் மூலையில் குங்குமம் தெரிந்தது. பேனை நகரவில்லை.

"சாமிக்குக் குடுத்த வாக்கு நோனா. புள்ள இன்னும் அம்மாவைக் கூப்பிடல."

லெட்சுமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே விறாந்தைக்குப் போய்விட்டாள்.

செவ்வந்தி காற்றாடியிலிருந்து கண்ணை இறக்கினாள். தாய் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். வாங்கின் மேல் ஏறி நின்றாள். ஒரு விரலால் மூக்கின் பக்கத்தைத் தொட்டு, அந்தக் கையை விரித்து, பிறகு தன் நெஞ்சை நோக்கி இழுத்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் செய்தாள், இன்னும் பெரிதாக, முழுக் கையாலும். மூக்கு, விரித்த கை, நெஞ்சு.

மெனிக்கே அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மாரிமுத்து, பார். கூப்பிடுறா."

"யாரை?"

"யாரையா! அது லெட்சுமியோட மூக்குத்தி. அம்மாவைக் கூப்பிடுறா!"

அந்தச் சாடையை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! பீலியில், கோயிலில், பசித்த நேரத்தில், விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட நேரத்தில். நடக்கத் தொடங்கியதிலிருந்தே பிள்ளை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அம்மன் எங்கள் வேண்டுதலை என்றோ கேட்டுக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை வாங்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் முன்னாலேயே போய் நின்று அழுதிருக்கிறோம்.

அக்கா லெட்சுமியை இழுத்து வந்தாள். தாயைக் கண்டதும் செவ்வந்தி மூக்கைத் தொட்டுக் கையை இழுத்துச் சிரித்தாள். லெட்சுமி தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருசமா கூப்பிடுறியா? என் புள்ள... என் புள்ள..."

"இரு, இரு!" மெனிக்கே அக்கா நடுவில் வந்து நின்றாள். "இன்னும் உன் பிள்ளை இல்ல. தவிடு எங்கே?"

விறாந்தையில் பேரம்

நான் தூறலில் ஓடினேன். கந்தோருக்கு எதிரே கோழித் தீன் விற்கிற கடை இருந்தது. ஒரு பை நிறையத் தவிடு வாங்கி வந்தேன். மெனிக்கே அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி விறாந்தையில் நின்று, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து ஊதினாள்.

"இதுல உமி இருக்கு. நான் கொடுத்தது இப்படியா?"

"அக்கா, டவுன்ல இதுதான் கிடைக்குது."

"பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கு, பார். நீ அதே அளவு தர்றே."

"கூடவே வாங்கிட்டு வந்திருக்கேன் அக்கா, பாருங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நோனாவும் வாசலில் நின்றார். "அம்மே, வாங்கிக்கொள்ளுங்களேன், தபால் போகிற நேரம் வருது" என்றார்.

"வியாபாரம் நோனா, அவசரப்படக்கூடாது." பிறகு பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். பிள்ளையை இறக்கி, லெட்சுமியின் கையில் கொடுத்தாள். "சரி. எடுத்துக்கோ."

உள்ளே போய், பொறுப்பாளர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். நோனா அளவுகோலை வைத்து, பொடி மெனிக்கே என்ற பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"வெட்டின இடத்துக்குப் பக்கத்தில பழைய பொறுப்பாளரும் கையெழுத்து வைக்கணும்."

மெனிக்கே அக்கா மேசைக்கு வந்தாள். தவிடு படிந்த கையைச் சேலையில் துடைத்தாள். வட்ட வட்டமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள். பாதியில் பேனை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மீதியையும் எழுதி முடித்தாள்.

அந்தப் போர்ம் போனது. உதவியும் வந்தது. ஜனவரியில் செவ்வந்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். அங்கே கையால் பேசுகிற பாஷையை முறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வேறு சாடை படித்தாள். ஆனால் விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்றைக்கும் மூக்கைத்தான் தொடுவாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு, கடைசி ஆசனத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தவிட்டுப் பை மெனிக்கே அக்காவின் மடியில். லெட்சுமியின் மடியிலிருந்த பிள்ளை சரிந்து சரிந்து, அந்தப் பையின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். கன்னத்தில் தவிடு ஒட்டியிருந்தது.

அக்கா இறங்கும் இடம் முதலில் வரும். அவள் மெல்ல எழுந்து, பையையும் அதன் மேலிருந்த தலையையும் அசைக்காமல் ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். பஸ் நகர ஆரம்பித்ததும் நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அக்கா! தவிடு!"

"துவ தூங்குறா" என்றாள் அவள், குடையை விரித்துக்கொண்டே. "நாளைக்கு எடுத்துக்கிறேன்."

மறுநாள் நானே பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நாளைக்கு என்றாள். அடுத்த வாரமும் போனேன். நாளைக்கு என்றாள். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் எங்கள் வாசலுக்கு வந்து "மகே துவ கோ?" என்று சத்தமாகக் கூப்பிடுவதை விடவில்லை.